வால்வெட்டி

எனக்கு 'வால்வெட்டி' என்று பேர் வைத்தவன் நெவில் டட்டன். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவன்.

வைத்த இடம் டாசன் ஆற்றங்கரை மாட்டுச் சந்தை. ஊரே கூடியிருந்தது.

"ரெஜ் வீட்டுக் குட்டிங்களைப் பாத்தீங்களா? பாதிக்கு நீள வால், பாதிக்குக் கட்டை வால். கத்தி மழுங்கிடுச்சு போல. பாவம், பாதியில நிறுத்திட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

குட்டி நாயின் வாலை வெட்டுவது இப்போது குற்றம். எங்கள் பக்கத்து மாட்டு நாய்களில் ஒரு வம்சம் மட்டும் கட்டை வாலோடே பிறக்கும். அதற்குத்தான் மதிப்பு. அந்த வம்சத்தில் நீள வால் பிறந்துவிட்டால் வளர்க்கிறவனுக்குத் தலைகுனிவு. வெளியே தெரியாமல் நறுக்கி மறைப்பவர்கள் உண்டு.

நான் கத்தியைத் தொட்டதே இல்லை. குட்டிகள் பிறந்தபடியே கிடந்தன. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அந்த வாரமே விலங்கு நல அதிகாரி வந்து நின்றாள். கர்ஸ்டி என்று ஒரு சின்னப் பெண். புகார் கொடுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நெவில் தன் பக்கத்து வேலியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெட்டினது உறுதியாச்சுன்னா எல்லா நாயையும் கொண்டுபோயிடுவோம், ரெஜ். அப்புறம் நீங்க நாயே வளர்க்க முடியாது."

"ஃபெர்னையுமா?"

"தாயையும்தான்."

மூடுபனி இன்னும் விலகவில்லை. தூரத்தில் மாடுகள் காலே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன. குட்டிகள் தூக்கத்திலேயே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஃபெர்ன், கண்ணை மூடிக் கிடந்தாள்.

அவளைப் பற்றி எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். இதே பனிக்குள், நீளமான வாலைத் தூக்கிக்கொண்டு போவாள். கூப்பிட்டால் நின்று, திரும்பிப் பார்த்து, அந்த வாலை மெதுவாக ஆட்டுவாள். கட்டை வால் நாய்க்கு ஏது நீள வால் என்று விழித்த பிறகு யோசிப்பேன். விளங்காது.

கர்ஸ்டி குட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் போட்டு, வால் நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"பிறவிக் கட்டை வால் போகப்போக ஒல்லியாகும். வெட்டினது சட்டுனு நின்னுடும், தழும்பும் தட்டுப்படும். இதுங்க எல்லாம் பிறவிதான். கட்டைவிரல் நகத்தைக்கூட நீங்க எடுக்கலையே."

முன்னங்காலின் உள்பக்கம் தரையைத் தொடாமல் தொங்குமே, அந்த நகம். வேலை செய்யும் நாய்க்கு அது கம்பியில் மாட்டிக் கிழியும் என்று குட்டியிலேயே எடுத்துவிடுவார்கள்.

"அதுக்கும் சோம்பேறித்தனம்," என்றான் நெவில், வேலியிலிருந்து.

"தகப்பன் எது?" என்று கேட்டாள் கர்ஸ்டி.

"மாடு ஏத்த வந்த லாரிக்காரனோட நாய். அசல் கட்டை வால்."

"லாரிக்காரன் நாயா?" என்றான் நெவில். குரல் இறங்கிப்போயிருந்தது.

கர்ஸ்டி ஃபெர்ன் பக்கம் திரும்பினாள். தலையைத் தடவினாள், முதுகைத் தடவினாள். வாலுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. முன்னங்கால்களைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டிலும் அந்த நகம் இல்லை.

"இது வெட்டின வால், ரெஜ். இவ எங்க பிறந்தா?"

நான் நெவிலைப் பார்த்தேன்.

அவனுடைய காற்றாலை பம்பை நான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்ததற்கு, உள்ளங்கை அளவுக் குட்டியாக ஃபெர்னை என் கையில் வைத்தவன் அவன்தான். "எங்க வம்சத்துல நீள வால் பிறந்ததே கிடையாதுடா," என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்.

அன்று சந்தையில் அவன் அத்தனை நிச்சயமாகப் பேசியது ஏன் என்று இப்போது புரிந்தது. தாய் நீள வாலோடு பிறந்தவள் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தகப்பன் கட்டை வால் என்பது தெரியாமல், அவள் வயிற்றில் கட்டை வால் எப்படி வரும், நான்தான் வெட்டியிருக்கவேண்டும் என்று அவன் நம்பிவிட்டான்.

இப்போது தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பின்னால் பிக்கப் வண்டியில் அவனுடைய இரண்டு நாய்களும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் ஒரு பேர் சொன்னால் போதும், அந்த வண்டி காலியாகிவிடும்.

"சொல்லுங்க ரெஜ். யார் வெட்டினது?"

"யாரும் வெட்டலம்மா. குட்டியா இருந்தப்ப அந்த வேலி கேட்ல மாட்டிக்கிச்சு."

"வாலா?"

"வால்தான்."

"அப்ப ரெண்டு கால் நகமும்?"

"அதுவும்தான். பொல்லாத கேட்டு."

கர்ஸ்டி கேட்டைப் பார்த்தாள். நெவிலைப் பார்த்தாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முதல்ல அந்த கேட்டைச் சரிபண்ணுங்க," என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

நெவிலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். நாய் இல்லாவிட்டால் அவன் மாடுகள் வேலி தாண்டி என் புல்லைத்தான் மேயும்.

மறுநாள் காலை, பனிக்குள் அந்த கேட்டின் மேல் ஒரு பெரிய பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டிருந்தது. பூசணிக்காயைச் சுட்டுத் தின்றேன். நல்ல ருசி.

ஊரில் எனக்கு இன்றைக்கும் வால்வெட்டி என்றுதான் பேர். அது பொய் என்று சந்தையில் நின்று சொல்லவேண்டியவன் ஒருவன்தான் இருக்கிறான்.

பூசணிக்காய் அந்தக் கடனுக்கு ஈடாகாது.