வேலைப் பலகைக்கு ஆமை எழுதிய குறிப்பு

குளக்கரைக் காட்டில் மரங்கொத்தி ஒரு வேலைப் பலகை செய்து மாட்டியது. கிளிகள் அதில் வேலையை எழுதினால் யானைகள் வந்து செய்துவிடும். பலகையைப் பயன்படுத்துவதற்கான குறிப்பை ஆமை எழுதியது: "செய்ய வேண்டிய வேலை எதைக் கண்டாலும் எழுதுங்கள்."

பெருமழையில் குளம் தளும்பியது. அதைப் பார்த்த ஏழு கிளிகளும் தனித்தனியே, "கரையை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிடவும்" என்று எழுதின. யானைகள் ஏழு இடங்களில் வெட்டின. குளம் மளமளவென்று வற்றியது. மீன்கள் சேற்றில் துடித்தன. யானைகள் அடித்துப் பிடித்துக் கரையை அடைத்து மிச்சத் தண்ணீரைக் காப்பாற்றின.

"இந்தக் கிளிகளுக்கு மூளையே இல்லை. இனிமேல் பலகையைத் தொடவே கூடாது!" என்று கத்தியது மரங்கொத்தி.

"நான் எழுதியதைத்தானே செய்தன? மாற்ற வேண்டியது என் குறிப்பைத்தான்," என்றது ஆமை.

அன்றே புதிதாக எழுதியது: "அதே வேலையை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எந்த இடத்தில், எத்தனை அடி, எப்போது நிறுத்துவது என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள்."

அடுத்த மழையில் குளம் மறுபடி நிரம்பியது. ஒரு கிளி எழுதப் போய், பாதியில் நிறுத்திவிட்டு ஆமையிடம் பறந்து வந்தது.

"ஆமையண்ணே, நாலடி அகலம் என்றால் யார் அடி? யானை அடியா, என் அடியா?"

ஆமைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு வரி சேர்க்கப் பலகையை நோக்கி நடந்தது.