குனிந்து வரும் வாசல்

மதுரையில் முற்றம் வைத்த வீடு என்று மிஞ்சியிருப்பது எங்களுடையது ஒன்றுதான். என் பேத்தி நறுமுகையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பறக்கும் காரை நேராக அந்த முற்றத்திலேயே இறக்கினார்கள்.

"கூரை வழியா வர்றது காக்கா பழக்கம். வெளிய போயி வாசல் வழியா வாங்க" என்றேன்.

"தாத்தா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, கெடுத்துராதீங்க" என்று நறுமுகை கெஞ்சினாள்.

நான் அசையவில்லை. கார் எழும்பித் தெருவில் இறங்கியது. பையனின் அப்பா நிமிர்ந்தபடியே நுழைந்து, நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது, வாசலா எலி வளையா?"

"கலெக்டரே குனிஞ்சு வந்த வாசல்."

பின்னால் வந்த பையன் கதவின் செதுக்கு வேலைகளை மெல்லத் தடவிப் பார்த்தான். "பர்மா தேக்கா தாத்தா?" என்று கேட்டபடி குனிந்து உள்ளே வந்தான்.

"நறுமுகை, மாப்பிள்ளைக்குக் காபி கொண்டு வாம்மா" என்றேன். "சம்பந்திக்கு ஐஸ் கட்டி."