மஞ்சள் சாக்ஸ்

ரசியா பேகம் வீட்டு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் ராமாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சந்தேகமே இல்லை, அவருடைய செருப்புதான்.

சாயங்காலம் நடக்கப் போன புருஷன் விளக்கு வைத்த பிறகும் வீடு வந்து சேரவில்லையே என்று தெருத்தெருவாகத் தேடி வந்தவள் அவள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள்.

நாற்காலி நுனியில் மருதையன் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் கம்பளி நூல் உருண்டை. கையில் ஊசிகள். நாக்கைக் கடைவாயில் துருத்திக்கொண்டு, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சாக்ஸ் பின்னிக்கொண்டிருந்தார்.

காலமெல்லாம் பட்டுக்கோட்டை பஸ் ஓட்டிய கை அது. ஸ்டியரிங்கை வளைத்த கைக்குள் ஊசி ஈர்க்குச்சி மாதிரி இருந்தது.

“இழுத்துப் பிடிக்காதீங்கண்ணே, அது பஸ் இல்ல, புள்ளை கால்” என்று சொல்லிக்கொண்டிருந்த ரசியா பேகம், ராமாயியைக் கண்டதும் எழுந்து நின்றாள். கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்டு, பின்னல் வேலையை அங்கேயே கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவள் அவள்.

ராமாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மகள் தமிழ்நிலா கனடாவில் முழுகாமல் இருக்கிறாள். தை மாதத்தில் பிரசவம். அங்கே அப்போது எலும்பைத் துளைக்கும் குளிராம். போன மாதம் கடைத்தெருவில் மருதையன் ஒரு குட்டிச் சட்டையை ஆசையாகக் கையில் எடுத்தார். கடைக்காரன் பார்க்கப் பார்க்க அதை வெடுக்கென்று பிடுங்கி வைத்தவள் ராமாயி. பிள்ளை பூமியில் விழுமுன் அதற்கென்று ஒரு முழத் துணிகூட எடுக்கக் கூடாது. அதுவும் தமிழ்நிலாவுக்கு ஏற்கெனவே ஒரு முறை கலைந்திருக்கிறது.

அதற்குப் பயந்துதான் மனுஷன் இங்கே வந்து ஒளிந்து பின்னுகிறார்!

நேரம் கழித்து வரும்போதெல்லாம் “வழி தப்பிடுச்சு ராமாயி” என்பார். வயலைத் தூர்த்து மனை போட்ட நகர் இது. எல்லாத் தெருவும் ஒரே அகலம், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கேட். குடிவந்த புதிதில் அவளும் நம்பினாள். அப்புறம் பயம் வந்தது. போனில் மகளிடம் சொன்னாள். அது அங்கிருந்து அழுதது. நாளைக் காலை தஞ்சாவூரில் ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறது. டோக்கன் போட்ட நாளிலிருந்து ராமாயி கண்ணை மூடவில்லை.

“நல்லா இருக்குங்க உங்க கூத்து! இதை மறைக்கத்தான் வழி தப்பிடுச்சு, வழி தப்பிடுச்சுன்னு கதை விட்டீங்களா?”

மருதையன் ரசியாவைப் பார்த்தார். பிறகு ராமாயியைப் பார்த்தார்.

“ஆமா. நீ திட்டுவேன்னுதான்.”

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ராமாயி சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

“கல்லு மாதிரி இருக்கற மனுஷனுக்கு டாக்டர் ஒரு கேடா! நாளைக்கு எங்கயும் போக வேணாம், வாங்க” என்றாள்.

கேட்வரை வந்த ரசியா தயங்கினாள். “இன்னிக்கு அக்கா கூட வர்றாங்க. நான் வர வேணாமில்லண்ணே?”

“வேணாம்மா, வேணாம்” என்றார் அவசரமாக.

மரியாதைக்குக் கேட்கிறாள் என்று ராமாயி நினைத்துக்கொண்டாள். தெரு முழுக்க அவரைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள். பஸ் டிரைவருக்கு வழி தெரியாதாம், கேட்டால் ஊர் சிரிக்கும் என்றாள். அவரும் சிரித்தார்.

தண்ணீர்த் தொட்டி முக்கு வந்தது. வேண்டுமென்றே பின்தங்கி நின்றாள்.

“எங்க, வழி தப்பினவரு முன்னாடி போங்க பார்ப்போம்!”

மருதையன் ஒரு எட்டு வைத்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். திரும்ப மடித்துக் கட்டினார். இந்தத் தெருவைப் பார்த்தார், அந்தத் தெருவைப் பார்த்தார். மறுபடியும் வேட்டியை இறக்கினார்.

வலது கைத் தெருவில், கூப்பிடு தூரத்தில், அவர்கள் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குக் கண்ணைத் திருப்பினார். கடைசியில், ராமாயியின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்தார்.

ராமாயிக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வழி கேட்கத்தான் முதல் நாள் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார். ரசியாதான் தினமும் இந்த முக்குவரை கொண்டுவந்து, வீட்டைக் கைகாட்டி விட்டிருக்கிறாள். ஊசியும் நூலும் அதற்கப்புறம் கைக்கு வந்தவை. இத்தனை நாளும் அவர் சொன்னதெல்லாம் நிஜம். இன்றைக்குச் சொன்னதுதான் பொய், அதுவும் அவளுக்காக.

ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழலாம் போலிருந்தது. அழவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து தெருவில் அவர் கையை அவள் தொட்டதே கிடையாது. இப்போது பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு அந்த டாக்டரை ஒரு எட்டு பார்த்துட்டே வந்துடுவோங்க. ரெண்டு பேருமா போவோம்.”

அவர் பிடித்த கையை விடவே இல்லை.

“ஊசி நூலையும் எடுத்துக்குங்க. அங்க ரொம்ப நேரம் உட்கார வைப்பாங்க. இன்னொரு கால் பாக்கி இருக்குல்ல” என்றாள் ராமாயி.