ஒரு டம்ளர் கீழாநெல்லி

"நீங்க மட்டும் மாமாவுக்கு ஒழுங்கா பத்தியம் பார்த்திருந்தா, இந்நேரம் அவருக்கும் சரியாகியிருக்கும்க்கா!"

தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி பொரிந்து தள்ளினாள் மஹாலட்சுமி. அந்த மாமாவின், அதாவது புருஷனுடைய அண்ணன் லோகுவின் மனைவி, ஓரகத்தி புஷ்பலதா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமனார் காரியத்தன்று பெரியவர் லோகுவுக்கும் சின்னவன் ஏகநாதனுக்கும் ஒரே கத்தியில் மொட்டை போட்டார்கள். மூன்றாம் மாதம் அண்ணன், தம்பி இருவருக்கும் கண் மஞ்சளானது. காமாலை, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ், கத்தி வழியாகத்தான் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றோடு மஹாலட்சுமிக்குத் தூக்கம் போயிற்று. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கீழாநெல்லி பறித்து வந்து, விடியற்காலையில் அம்மியில் அரைத்து, மோரில் கலக்கிப் புருஷன் ஏகநாதனிடம் நீட்டுவாள். எண்ணெய் கிடையாது, புளி கிடையாது. முழுசாக ஆறு மாதம்.

இன்று ரிப்போர்ட் வந்தது. ஏகநாதன் ரத்தத்தில் வைரஸ் இல்லை. லோகுவுக்கு இன்னும் இருக்கிறது.

"அண்ணியை ஏன் திட்டறே? விடு மஹா," என்று நெளிந்தான் ஏகநாதன்.

"நீங்க சும்மா இருங்க. உங்களை நான் காப்பாத்தலையா? அவங்க ஒரு நாளாவது ஒரு பிடி தழை அரைச்சாங்களான்னு கேளுங்க!"

"இல்ல மஹா, நான் அரைக்கலை," என்றாள் புஷ்பலதா மெதுவாக.

"பார்த்தீங்களா! அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

அதற்குள் டாக்டரம்மா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

"நீங்க பேசினது இங்க வரைக்கும் கேட்டுச்சும்மா," என்று சிரித்தார். "யார் மேலயும் தப்பு இல்ல. இந்த வைரஸைப் பெரியவங்கள்ல நிறைய பேர் உடம்பு தானாவே விரட்டிடும். சில பேர் உடம்பால முடியாது. பிறக்கும்போதே கூட வர்ற ஜீனும் அதுக்கு ஒரு காரணம்."

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்கதானே டாக்டர்?"

"சீட்டுக்கட்டு ஒண்ணுதாம்மா. ஆளுக்கு விழுந்த சீட்டு வேற. லோகு சார், பயப்படாதீங்க. ஈரல் நல்லா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. தேவைப்பட்டா மாத்திரை இருக்கு. தைரியமா வேலைக்குப் போகலாம். வீட்ல மத்தவங்க தடுப்பூசி போட்டுக்குங்க, போதும்."

புஷ்பலதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

மஹாலட்சுமிக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அப்ப என் கீழாநெல்லி சும்மாவா டாக்டர்? இவர் குடிச்சார், சரியாச்சு. மாமா குடிக்கலை, சரியாகலை. இதுக்கு என்ன சொல்றீங்க?"

டாக்டரம்மா லோகுவைப் பார்த்தார். "நீங்க குடிக்கவே இல்லையா சார்?"

லோகு தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"குடிச்சேன் டாக்டர். ஒரு நாள் விடாம."

"யார் கொடுத்தது?"

"இவன்தான். வாக்கிங் போறேன்னு வீட்ல சொல்லிட்டு, பாட்டில்ல ஊத்தி எடுத்துக்கிட்டு வந்துடுவான். 'எனக்கு ஒண்ணும் ஆகாது, உனக்குத்தான் மஞ்சள் ஜாஸ்தி, நீ குடிண்ணே'ம்பான்."

மஹாலட்சுமி புருஷனை முறைத்தாள். "நீங்க ஒரு டம்ளர்கூடக் குடிக்கலையா?"

"முதல் நாள் குடிச்சேனே," என்றான் ஏகநாதன் பாவமாக.

டாக்டரம்மா மேஜையில் தட்டிச் சிரித்தார். லோகுவும் சிரித்துவிட்டார். மஹாலட்சுமிக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புஷ்பலதா பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் தெரியுமாக்கா? தெரிஞ்சுமா இத்தனை நாளா என்கிட்ட ஏச்சு வாங்கினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

புஷ்பலதா அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னா மறுநாளே நீ ரெண்டு டம்ளருக்கு அரைக்க ஆரம்பிச்சிருப்பே. அம்மியில அரைச்சு அரைச்சு இந்தக் கை வீங்கிக் கிடந்தது எனக்குத் தெரியாதா மஹா?"