கேப்டன் கொடுத்த புகார்

"மன்னிப்புன்ற வார்த்த உன் வாயிலேர்ந்து வந்துச்சின்னா, வூட்டுப் பக்கம் வராத" என்றாள் மதி.

கேப்டன் புகார் கொடுக்கப்போகிறார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டிருந்தான் அவள் கணவன் டில்லிபாபு. வெள்ளைச் சட்டையின் தோளிலிருந்த தங்க நிறப் பட்டைகளை உருவி மேசைமேல் எறிந்தான். துணை விமானியாகச் சேர்ந்த நாளிலிருந்து அவற்றை அவன் அப்படி எறிந்ததே இல்லை.

"எல்லாம் நாளையோட முடிஞ்சிது. கேப்டன் நேர்ல புகார் சொல்லணும்னாராம். நானும் கூட இருக்கணுமாம். சீஃப் பைலட் போன் பண்ணிச் சொன்னாரு."

"அப்படி இன்னா பண்ண நீ?"

"கத்தினேன். அவரு கையிலேர்ந்து பிளேனைப் புடுங்கி நானே மேல ஏத்தினேன்."

மதிக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை. விமானி லைசென்ஸ் வாங்கிய பிறகும் நான்கு வருடம் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் லாரி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தவன் அவன். ஒவ்வொரு இன்டர்வியூவிலும் கடைசிக் கேள்வி வீடு எங்கே என்பதாகத்தான் இருக்கும். வடசென்னை, வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் என்றதும் எதிரே இருப்பவர் பேனாவை மூடிவிடுவார்.

2007இல் இந்தச் சின்ன விமானக் கம்பெனிக்கு ஆள் போதவில்லை. வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலம் முடியும்போது கேப்டன் லியோனார்ட் சரி என்றால்தான் வேலை நிலைக்கும்.

லியோனார்ட் விமானப்படையிலிருந்து வந்தவர். "உன் ஏரியா பாஷை காக்பிட்ல கேக்கக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று காலை தூத்துக்குடியை நெருங்கும்போது நல்ல மழை. லியோனார்ட் விமானத்தைத் தாழ்த்திக்கொண்டே வந்து, "ரன்வே தெரியுது" என்றார்.

டில்லிபாபுவும் எட்டிப் பார்த்தான். கீழே நீளமாக, நேராக, ஏதோ மின்னியது. ஆனால் ரன்வே இடப்பக்கம் இருப்பதாகக் கருவி காட்டியது.

"சார், ரன்வே லெஃப்ட்ல இருக்கு."

"வாயை மூடு."

இன்னொரு முறையும் பணிவாகச் சொல்லிப் பார்த்தான். விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. மழைத் திரை ஒரு கணம் விலகியபோது தண்ணீரும் வரப்பும் தெரிந்தன.

"யோவ், அது உப்பளம்யா. மேல ஏத்து" என்று கத்தினான். அவர் ஏற்றவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டு இவனே விசையைத் தள்ளி, மூக்கைத் தூக்கினான். பின்னால் பயணிகள் அலறியது கேட்டது.

அதன் பிறகு லியோனார்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நீயே இறக்கு" என்றார். சென்னைக்குத் திரும்பும்போதும், "நீயே ஓட்டு" என்றதோடு சரி. மீனம்பாக்கத்தில் இறங்கியதும் இவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

"உயிரைக் காப்பாத்தினவன் மேல புகாரா?" என்றாள் மதி. "உங்கிட்டத் தோத்துட்டோம்னு அந்த ஆளுக்கு ஆத்திரம். வேற இன்னா?"

மறுநாள் காலை அவளே பட்டைகளை எடுத்து அவன் தோளில் மாட்டினாள். "வேணும்னா அவனுங்க கயட்டட்டும். நீயா கயட்டாத."

சீஃப் பைலட் சௌக்கத் அலியின் அறையில் லியோனார்ட் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை அவர் இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. டில்லிபாபுவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஏர் ஹோஸ்டஸ் காக்பிட் சத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்லி, பைலட்டுங்க எல்லாம் காலைலேர்ந்து இதைத்தான் பேசுறாங்க" என்றார் சௌக்கத் அலி. "சீனியர் கேப்டன் கைலேர்ந்து கன்ட்ரோலைப் பிடுங்கினியாமே?"

"ஆமா சார்."

"'யோவ்'னு வேற கூப்பிட்டியா?"

"கூப்ட்டேன் சார்."

"சின்னப் பையன், போகட்டும்னு பாக்கறேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. எச்சரிக்கையோட விட்டுடறேன்."

வேலை, நான்கு வருடக் காத்திருப்பு, மதியின் முகம் எல்லாம் ஒரே சமயத்தில் டில்லிபாபுவின் கண்முன் வந்து நின்றன. அத்தனையையும் தள்ளிக்கொண்டு கோபம் மேலே வந்தது.

"கேக்க மாட்டேன் சார். நாப்பது பேரு பின்னால குந்திகினு இருந்தாங்க. ஒருத்தி கைக்கொயந்தையோட இருந்தா. மரியாதையா ரெண்டு தபா சொன்னேன், கேக்கல. நாளைக்கும் இப்டி ஆச்சின்னா நாளைக்கும் புடுங்குவேன். எங்க ஏரியா பாஷை புடிக்கலன்னா வூட்டுக்கு அனுப்பிடுங்க. அதுக்காக மன்னிப்புக் கேளுன்னு சொல்லாதீங்க."

சௌக்கத் அலியின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பாத்தீங்களா கேப்டன்? இவனைப் போய் எடுத்தோம் பாருங்க. நீங்க உங்க புகாரைச் சொல்லுங்க. இப்பவே கணக்கை முடிச்சு அனுப்பறேன்."

லியோனார்ட் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். நேற்றிலிருந்து முதல் முறையாக டில்லிபாபுவை நேராகப் பார்த்தார். பிறகு சௌக்கத் அலியின் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, சௌக்கத். புகார் என் மேல."