புத்தி நூறு

சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் கன்னிகா தினமும் போனில் ஒரு கேம் ஆடுவாள். பாழடைந்த மாளிகைக்குள் அவளுடைய ஆள் நடந்து போவாள். கோரமான எதையாவது பார்த்தால் அவளுடைய 'புத்தி' என்ற மதிப்பெண் நூறிலிருந்து குறையும்; மருந்து குடித்தால் மறுபடி நூறாகும். நாற்பதுக்குக் கீழே போனால் அதற்கொரு தண்டனை உண்டு: இல்லாத ஒருத்தர் கூடவே வருவார்.

பத்து நாளாக அவளுடைய ஆளுக்குப் புத்தி முப்பத்தெட்டு.

"மருந்த இப்போ குடிக்க வைக்காதக்கா. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்," என்றாள் பக்கத்து சீட் ஹரிதா. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். அன்று தன் டப்பாவில் எலுமிச்சை சோறு கொண்டுவந்து கொடுத்தாள்.

"கீழ் அறைக்குப் போவணும்னா புத்தி நூறு இருக்கணும்டி," என்றாள் கன்னிகா.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போதே கேமில் தன் ஆளை மருந்து குடிக்க வைத்தாள். புத்தி நூறானது.

பஸ்ஸில் ஹரிதா இல்லை.

"பக்கத்துல ஒக்கார்ற பொண்ணு வரலியாண்ணா?" என்று டிரைவர் உமாபதியிடம் கேட்டாள்.

"எந்தப் பொண்ணு? பத்து நாளா அந்த சீட்ல உன் பைதானேம்மா வந்துக்கினு இருக்குது."

வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாதென்று அதில் முறுக்கு போட்டு எடுத்து வந்திருந்தாள். இறங்கும்போது டப்பாவை அந்த சீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் டப்பா அதே இடத்தில் இருந்தது. திறந்தாள். முறுக்கு இல்லை. எலுமிச்சை சோறு இருந்தது, சூடு ஆறாமல்.

போனைப் பார்த்தாள். புத்தி நூறுதான்.