மஞ்சள் வீட்டு நாற்காலி

“இன்னும் யாராச்சும் வரணுமா சார்?”

“இல்ல தம்பி. நான் மட்டும்தான்.”

பத்துப் பேர் உட்காரும் படகை ஒண்டிக்கட்டையாக ஒருவர் நாள் முழுக்க வாடகைக்கு எடுத்தால், படகோட்டிக்குச் சந்தேகம் வராதா? பெரியவர் ஆற்றில் குதிக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டான். லைஃப் ஜாக்கெட்டைத் தானே மாட்டிவிட்டு, வார்களை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

பெரியவர் குதிக்கவில்லை. பேசவும் இல்லை. பாலம் போனது, செங்கல் சூளை போனது, மதியம் ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆற்றில், ஒரே படகில், இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் இருந்தார்கள்.

எதிரே வரும் படகு ஹாரன் அடித்தால் மட்டும் பெரியவரின் கை தன் வெறுந்தலைக்குப் போய்த் திரும்பியது.

“தலைவலியா சார்?”

“இல்ல, பழக்கம்.”

வெயில் தாழ்ந்ததும் அவராகவே வாயைத் திறந்தார். “தினம் இந்த வழியாத்தானே போறீங்க? கரையில இருக்கறவங்க யாரையாவது தெரியுமா?”

“எங்க சார்! அவங்க கரையில, நான் தண்ணியில.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒருத்தரு மட்டும் இருக்காரு,” என்றான் படகோட்டி. “அடுத்த வளைவுல ஒரு மஞ்சள் வீடு. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. ரெண்டு ஹாரன் அடிச்சா வெள்ளைத் தொப்பியைத் தூக்கிக் காட்டுவாரு. இங்கிருந்து மூஞ்சியெல்லாம் தெரியாது. பாவம், நாதியத்த மனுஷன்போல.”

படகு வளைவில் திரும்பியது. மஞ்சள் வீட்டு வாசலில் நாற்காலி காலியாக இருந்தது.

படகோட்டி ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். கை ஹாரனிலேயே நின்றுவிட்டது.

“எங்கேயாவது போயிருப்பார் தம்பி. நீங்க ஓட்டுங்க,” என்றார் பெரியவர்.

“அவரு எங்க சார் போவாரு? ஒரு நாள் தவறினதில்லையே. உள்ள விழுந்து கிடந்தா யாரு பாப்பாங்க?”

“அதைப் பத்தி உங்களுக்கென்ன?”

“என்ன சார், மனுஷன்தானே நீங்க?” சுருக்கென்று சொல்லிவிட்டு, அனுமதிகூடக் கேட்காமல் படகைக் கரைக்குத் திருப்பினான்.

கயிற்றைக் கட்டினானோ இல்லையோ, ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். “ஐயா! நான்தான், ரெண்டு ஹாரன் அடிப்பேனே, அந்தப் படகுக்காரன்!”

பதில் இல்லை. இரண்டடி பின்னால் போய், தோளைக் கொடுத்து இடிக்கத் தயாரானான்.

லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்த பெரியவர் அவன் கையைப் பிடித்தார். அவர் கன்னமெல்லாம் கண்ணீர்.

“உடைக்காதீங்க தம்பி. சாவி என்கிட்டதான் இருக்கு.”